புயலுக்கு முன் ஊர் தயாராவது எப்படி? கடலூர் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்குகள்

ஐப்பசி பிறந்து கார்த்திகை முடியும் வரை, வங்கக் கடலில் எங்கே ஒரு சுழற்சி தோன்றினாலும் கடலூரில் ஒரே நாளில் பலவிதச் செய்திகள் வந்து குவிகின்றன. துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது என்று ஒரு செய்தி. மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை என்று இன்னொன்று. தாழ்வு மண்டலம் 500 கிலோமீட்டர் தொலைவில் நிலைகொண்டிருக்கிறது என்று மூன்றாவது. இவற்றில் எது கப்பலுக்கு, எது மழைக்கு, எது காற்றுக்கு என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அதனால் பாதிப் பேர் வீணாகப் பதறுகிறார்கள். மீதிப் பேர் "போன தடவையும் இப்படித்தான் சொன்னார்கள்" என்று கதவைச் சாத்திக்கொண்டு தூங்கப் போகிறார்கள். இரண்டுமே ஆபத்து.

முதலில் இந்தச் சொற்களைப் பிரித்துப் பார்ப்போம். பிறகு அவற்றை வைத்துக்கொண்டு ஒரு கிராமமோ ஒரு தெருவோ எப்படித் தயாராக வேண்டும் என்பதற்கு வருவோம். இரண்டையும் இணைக்கும் கருத்து இதுதான்: நாம் காற்றுக்குத் தயாராகிறோம், நீருக்குத் தயாராவதில்லை. காற்றுக்கு ஒரு நேரம் சொல்லிவிட முடிகிறது. நீர் தன் சொந்த நேரத்தில், பெரும்பாலும் வேறு திசையிலிருந்து வருகிறது.

தாழ்வுப் பகுதியிலிருந்து புயல் வரை

இந்திய வானிலை ஆய்வு மையம் கடலில் உருவாகும் சுழற்சிகளைக் காற்றின் வேகத்தை மட்டும் வைத்து வகைப்படுத்துகிறது. மழை இந்த அளவுகோலில் இல்லை.

1. தாழ்வுப் பகுதி: காற்று மணிக்கு 31 கிலோமீட்டருக்கும் குறைவு.
2. தாழ்வு மண்டலம்: 31 முதல் 50 வரை.
3. ஆழ்ந்த தாழ்வு மண்டலம்: 51 முதல் 62 வரை.
4. புயல்: 63 முதல் 88 வரை. பெயர் சூட்டப்படுவது இந்த நிலையில்தான். 13 நாடுகள் சேர்ந்து கொடுத்த 169 பெயர்கள் கொண்ட பட்டியல் 2020-இல் வெளியிடப்பட்டது. அதிலிருந்து வரிசையாகப் பெயர் எடுக்கிறார்கள்.
5. தீவிரப் புயல்: 89 முதல் 117 வரை.
6. மிகத் தீவிரப் புயல்: 118 முதல் 166 வரை. அதற்கு மேலும் இரண்டு படிகள் உண்டு.

செய்தியில் இரண்டு வேகங்கள் சேர்ந்து வருவதால் குழப்பம் வருகிறது. "மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று" என்பது சுழலும் காற்றின் வேகம். "மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வடமேற்காக நகர்கிறது" என்பது புயல் முழுவதும் இடம்பெயரும் வேகம். வீட்டுக் கூரையைப் பறிப்பது முதல் வேகம். ஊர் மூழ்குமா என்பதைத் தீர்மானிப்பதில் இரண்டாவதற்கே பங்கு அதிகம், ஏனென்றால் மெல்ல நகரும் புயல் ஒரே இடத்தில் மணிக்கணக்காகக் கொட்டுகிறது.

காற்றைப் பற்றி இன்னொன்று. வேகம் இரு மடங்கானால் சுவரின் மீது விழும் விசை நான்கு மடங்காகிறது. 70 கிலோமீட்டர் காற்றைத் தாங்கிய கூரை 140-ஐத் தாங்கும் என்று நம்ப இடமில்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலில் காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வரை வீசியது. பண்ருட்டிப் பகுதியின் பலா, முந்திரித் தோப்புகள் ஒரே காலையில் சாய்ந்தன. தலைமுறை தலைமுறையாக வருமானம் தந்த மரங்கள் அவை. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. உட்கிராமங்கள் பலவற்றுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கானது.

கூண்டு எண் எதைச் சொல்கிறது?

துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு கப்பல்களுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் உரியது. எண் கூடக் கூடப் புயல் பெரிது என்று பொதுவாக நினைக்கிறோம். அது பாதி உண்மைதான்.

1. ஒன்றும் இரண்டும் தொலைதூர எச்சரிக்கைகள். நடுக்கடலில் தாழ்வு மண்டலம் இருந்தால் ஒன்று, புயல் உருவாகியிருந்தால் இரண்டு. துறைமுகத்துக்கு உடனடி ஆபத்து இல்லை.
2. மூன்றும் நான்கும் உள்ளூர் எச்சரிக்கைகள். துறைமுகத்தில் பலத்த காற்று வீசலாம் என்பது மூன்று. புயல் தாக்கக்கூடும், ஆனால் உச்சகட்ட நடவடிக்கை எடுக்கும் அளவுக்கு ஆபத்து இன்னும் நெருங்கவில்லை என்பது நான்கு.
3. ஐந்து, ஆறு, ஏழு ஆகியவை ஆபத்து அறிவிப்புகள். புயல் செல்லும் பாதைக்கு இடப்புறம் துறைமுகம் இருந்தால் ஐந்து, வலப்புறம் இருந்தால் ஆறு, துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ கடந்தால் ஏழு.
4. எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை பேராபத்து அறிவிப்புகள். தீவிரப் புயலுக்கு அதே இடம், வலம், நேர் வரிசை.
5. பதினொன்று: வானிலை மையத்துடன் தகவல் தொடர்பு அறுந்துவிட்டது.

ஐந்தும் ஆறும் ஏழும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும் படிகள் அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. அவை துறைமுகம் புயலின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைச் சொல்கின்றன. கடற்கரை ஊர்களுக்கு இந்தத் தகவல் மிகவும் முக்கியம், அதைத்தான் நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

காரணம் இது. வடக்கு அரைக்கோளத்தில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. நம் கரையை நோக்கி மேற்காக வரும் புயலின் வலப்பக்கம் வடக்கு. அந்தப் பக்கத்தில் காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசி, கடல்நீரைக் கரைமேல் தள்ளுகிறது. இடப்பக்கமான தெற்கில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அங்கே கடல் உள்வாங்கக்கூட வாய்ப்புண்டு. புயல் கடலூருக்கு வடக்கே கடந்தால் கடல் ஏறுவது புதுச்சேரி, மரக்காணம் பக்கம். பரங்கிப்பேட்டை அருகே கடந்தால் தேவனாம்பட்டினமும் தாழங்குடாவும் வலப்பக்கத்தில் மாட்டிக்கொள்கின்றன. கணிக்கப்பட்ட பாதை 30, 40 கிலோமீட்டர் விலகினாலே ஊர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறிவிடும். ஆகவே வரைபடத்தின் நடுக்கோட்டை நம்பி யாரும் நிம்மதி அடையக் கூடாது. அந்தக் கோட்டைச் சுற்றிப் புனல் வடிவில் விரியும் பகுதி முழுவதும் தயாராக இருக்க வேண்டும்.

கைப்பேசி அணைந்துபோனாலும் கரையில் இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. புயல் நெருங்கும்போது நம் கரையில் வடக்கிலிருந்து வரும் வாடைக்காற்றுதான் வீசும். அது மெல்லக் கிழக்குப் பக்கமாகத் திரும்பினால் புயல் நமக்குத் தெற்கே கடக்கிறது, கடல் ஏறும். மேற்குப் பக்கமாகத் திரும்பினால் வடக்கே கடக்கிறது. காற்று சட்டென்று நின்றுபோய் வானம் வெளுத்தால் புயலின் கண் தலைக்கு மேல் இருக்கிறது என்று பொருள். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்ப அடிக்கும். முதல் பாதியில் ஆட்டம் கண்ட மரமும் சுவரும் இரண்டாவது பாதியில் விழும். கூரை போன வீட்டைப் பார்க்க வெளியே ஓடுகிறவர்கள் சிக்கிக்கொள்வது இந்த இடைவேளையில்தான்.

நிறங்கள்

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் பெரும்பாலும் மழைக்குரியவை. ஒரு நாள் மழை 6.45 சென்டிமீட்டரைத் தாண்டினால் கனமழை, 11.56-லிருந்து மிக கனமழை, 20.45-லிருந்து அதி கனமழை. எவ்வளவு பெய்யும் என்பதோடு எந்த அளவுக்கு ஆயத்தமாக வேண்டும் என்பதையும் நிறம் சொல்கிறது: மஞ்சள் என்றால் கவனித்திரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் செயலில் இறங்கு. கூண்டு மூன்றிலேயே நிற்கும்போது மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை வருவதில் முரண்பாடு எதுவும் இல்லை. ஒன்று கடலுக்கு, மற்றது வானத்துக்கு.

மூன்று வழியில் வரும் நீர்

கடலூரைப் பொறுத்தவரை பேசப்பட வேண்டியதிலெல்லாம் பெரியது இதுதான்.

மாவட்டம் ஒரு வடிகால் முனையில் இருக்கிறது. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு ஆகியவை இங்கே கடலைச் சேர்கின்றன. தெற்கு எல்லையில் கொள்ளிடம். மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் நடுவே கெடிலம் ஓடுகிறது. நகரின் வடக்கு ஓரத்தில் தென்பெண்ணை. இந்த ஆறுகளில் வருவது இங்கே பெய்யும் மழை மட்டும் அல்ல. தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தொடங்கி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் தண்ணீரைச் சுமந்துகொண்டு இங்கே வருகிறது. எங்கோ பெய்ததற்கு இங்கே கணக்குத் தீர்க்கிறோம்.

ஆக, நீர் மூன்று வழியில் வருகிறது, மூன்றும் மூன்று நேரத்தில் வருகின்றன.

1. கடல்: புயல் கரையைக் கடப்பதற்குச் சற்று முன்னும் பின்னும் சில மணி நேரம். அறிவிப்பில் "வழக்கமான அலையேற்றத்தைவிட ஒரு மீட்டர் உயரும்" என்று வந்தால், அன்றைய ஏற்றத்தின் மேல் இன்னும் ஒரு மீட்டர் என்று பொருள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வந்தால் அடிப்படை ஏற்றமே கூடுதலாக இருக்கும்.
2. மழை: புயலுக்கு முந்திய நாளிலிருந்து, அது உள்நாட்டுக்குள் கரைந்து முடியும் வரை.
3. ஆறு: புயல் கடந்து ஒன்று முதல் மூன்று நாள் வரை கழித்து. அப்போது தலைக்கு மேல் வெயில்கூட அடிக்கலாம்.

இவற்றில் முதலாவது மற்ற இரண்டையும் வடியவிடாமல் தடுக்கும். கடல் ஏறி நிற்கும்போது முகத்துவாரத்தில் ஆற்றுநீர் வெளியேற முடியாமல் பின்வாங்குகிறது. பெய்த மழை வடிய இடமின்றித் தெருவிலேயே நிற்கிறது. கடல் இறங்கிய பிறகுதான் வடிகால் வேலை செய்யத் தொடங்கும்.

கடந்த ஆண்டுகளில் மூன்று நிகழ்வுகள் இதை நமக்குத் தெளிவாகக் காட்டின. 2015 நவம்பர் 9-ஆம் தேதி புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது ஓர் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். அது புயல் என்ற நிலையை எட்டவே இல்லை. அதற்குப் பெயரும் கிடையாது. நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடையில் வந்த வெள்ளம் வீடுகளோடு மனிதர்களையும் அடித்துச் சென்றது. 2020 டிசம்பரில் புரெவி இலங்கையைக் கடந்து, வலுவிழந்து, ராமநாதபுரம் கரைக்கு அருகே நகராமல் நின்றுவிட்டது. அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் சிதம்பரத்தில் ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டி, நடராசர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது.

மூன்றாவது ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர்தான். புயல் வரிசையில் அது கீழ்ப்படி. ஆனால் கடந்த பிறகு நகரவில்லை. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் சுமார் 48 சென்டிமீட்டர் பெய்தது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை என்பது ஒரு கோடி லிட்டர் தண்ணீர். நாற்பத்தெட்டு கோடி லிட்டரை ஒவ்வொரு சதுர கிலோமீட்டரிலும் வாங்கிக்கொண்ட நகரம் எப்படித் திணறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதோடும் முடியவில்லை. புயலின் எச்சம் மேற்கே போய்க் கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் கொட்டித் தீர்த்தது. தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறக்க வேண்டியதாயிற்று. ஒரு கன அடி 28.3 லிட்டர், அப்படியானால் விநாடிக்கு ஏறத்தாழ 47.5 லட்சம் லிட்டர். அந்தத் தண்ணீர் திருக்கோவிலூர் வழியாக வந்து டிசம்பர் 2-ஆம் தேதி கடலூரின் ஆற்றங்கரைக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. புயல் கடந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று முகாமிலிருந்து வீடு திரும்பி, நனைந்த பாயை வெயிலில் காயப்போட்டிருந்த நேரம் அது.

ஆகவே, கரையைக் கடந்த அறிவிப்போடு தயார்நிலையைக் கலைக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். புயலின் மையம் நிலத்துக்குள் நுழைந்தது என்பதற்கு மேல் அந்த அறிவிப்பில் எதுவும் இல்லை.

எச்சரிக்கை மணிக்கணக்கும் ஊரின் வேலைக்கணக்கும்

வானிலை மையம் புயல் அறிவிப்பை நான்கு கட்டங்களாகத் தருகிறது. பாதகமான வானிலை தொடங்க 72 மணி நேரம் முன்பு முன்னறிவிப்பு. 48 மணி நேரம் முன்பு முதல் எச்சரிக்கை. 24 மணி நேரம் முன்பு இரண்டாம் எச்சரிக்கை. 12 மணி நேரம் முன்பு, கரையைக் கடந்த பின் உள்மாவட்டங்களில் என்ன ஆகும் என்ற அறிவிப்பு. புயல் உருவான பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை புதிய தகவல் வரும். இந்தக் கட்டங்களுக்கு ஏற்ப ஊரின் வேலைகளைப் பிரித்துக்கொள்வது நல்லது.

*முதல் நாள்: நோட்டுப் புத்தகம்*

முதல் வேலைக்குத் தேவை ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும். தெருவாரியாக வீடுகளை எழுத வேண்டும். ஒரு வரி இப்படி இருக்கலாம்: "மூன்றாம் தெரு, ஓட்டு வீடு, ஆறு பேர். பாட்டி நடக்க மாட்டார், கட்டிலோடு தூக்க இரண்டு பேர் வேண்டும். மருமகள் எட்டு மாதம். ஒரு பசு, ஒரு கன்று. போன் எடுக்காவிட்டால் எதிர்வீட்டில் சொல்லவும்." இந்த ஒரு வரியில் வாகனம், ஆள், மருத்துவம், மாட்டுக்கு மேடான இடம் ஆகிய நான்கு ஏற்பாடுகள் அடங்கிவிட்டன.

இதற்கான தகவல் ஏற்கெனவே ஊரில் இருக்கிறது. கர்ப்பிணிகளின் பிரசவத் தேதி கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கும். சிறு குழந்தைகள் எத்தனை என்று அங்கன்வாடிப் பணியாளருக்குத் தெரியும். எந்த வீட்டில் யார் தனியாக வாழ்கிறார் என்பது ரேஷன் கடையிலும் தெருமுனைத் தேநீர்க் கடையிலும் தெரியும். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் ஒரு மாலை உட்கார்ந்து இவர்களை அழைத்துப் பேசினால் புத்தகம் நிறைந்துவிடும். மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தே இதைச் செய்யலாம். அவர்கள் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு ஒலிபெருக்கிக்கு இல்லை.

பிரசவ நாள் நெருங்கியவர்களை அன்றே மருத்துவமனைக்கு அருகில் சேர்த்துவிட வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் தங்கள் முறையை ஒரு நாள் முன்தள்ளி வைத்துக்கொள்ள மருத்துவமனையில் பேச வேண்டும். இன்சுலின், ரத்த அழுத்த மாத்திரை ஆகியவை பத்து நாளுக்குக் கையில் இருக்கட்டும்.

*இரண்டாம் நாள்: தண்ணீரின் வழியும் சாவியும்*

வடிகால் எங்கே அடைபட்டிருக்கிறது, எந்த மதகின் ஷட்டர் துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது என்பதெல்லாம் ஊருக்குத் தெரிந்தவைதான். ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையிலேயே போட்டால் முதல் மழையில் திரும்பக் கால்வாய்க்குள் போய்விடும். அப்புறப்படுத்தினால்தான் வேலை முடிந்ததாகும். மேல்நிலைத் தொட்டியை விளிம்பு வரை நிரப்பிவிட வேண்டும். தொட்டிக்கு நீரேற்ற ஒரு ஜெனரேட்டரையும் டீசலையும் இப்போதே பேசிவைக்க வேண்டும். தானேவுக்குப் பிறகு பல கிராமங்கள் வெள்ளத்தைவிடக் குடிநீருக்குத்தான் அதிகம் அலைந்தன.

அடுத்தது சாவி. பாதுகாப்பு மையமாக அறிவிக்கப்பட்ட பள்ளியின் சாவி தலைமையாசிரியரிடம் இருக்கும், அவர் வேறு ஊரில் குடியிருப்பார். இரவு பத்து மணிக்கு மழையில் நனைந்துகொண்டு பூட்டை உடைக்கும் நிலை வரக் கூடாது. இரண்டாம் நாள் மாலைக்குள் மையத்தைத் திறந்து பார்த்துவிட வேண்டும்: கழிவறையில் தண்ணீர் வருகிறதா, பெண்களுக்குத் தனிக் கழிவறை உண்டா, கூரை ஒழுகுகிறதா, சக்கர நாற்காலி ஏற வழி இருக்கிறதா. முக்கியமாக, மையத்தின் தரைமட்டம் ஆற்றின் பழைய வெள்ள அடையாளத்துக்கு மேல் இருக்கிறதா. கடற்கரையிலிருந்து தள்ளி இருப்பதால் ஒரு கட்டடம் பாதுகாப்பாகிவிடாது. அதன் முதுகுப் பக்கம் தென்பெண்ணையின் கரை இருந்தால் அது கடலுக்குத் தப்பி ஆற்றில் மாட்டிய கதையாகிவிடும்.

வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூரை பறப்பதற்குக் காரணம் மேலே ஓடும் காற்று அதை இழுப்பதும், திறந்த ஜன்னல் வழியே உள்ளே புகும் காற்று கீழிருந்து தள்ளுவதும் ஒரே நேரத்தில் நடப்பதுதான். காற்று வரும் பக்கத்துக் கதவு ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்தாலே பாதி பலம் கிடைக்கும். கீற்றுக் கூரையின் மேல் கயிற்றை வலைபோல் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, தரையில் ஆழமாக அடித்த முளைகளில் கட்ட வேண்டும். தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் கல்லை வைப்பது வேண்டாம். காற்றில் அது யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. கட்டியும் தாங்காது என்று தோன்றும் வீட்டில் பொருளை விட்டு ஆளை வெளியேற்றுவதே சரி.

*மூன்றாம் நாள்: வெளிச்சம் இருக்கும்போதே*

தானே அதிகாலையில் கடந்தது. 2020 நவம்பரில் நிவர் நள்ளிரவை ஒட்டிக் கடந்தது. ஃபெஞ்சல் இரவில் கடந்தது. எந்த நேரத்தில் கடப்பதாக அறிவிக்கப்பட்டாலும், அதற்கு முந்திய பகல் வெளிச்சத்துக்குள் இடமாற்றம் முடிய வேண்டும் என்பதை ஊர் ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். காற்று ஏறிய பிறகு தாழ்வான சாலையில் முதியவரைத் தூக்கிக்கொண்டு போவது இரு தரப்புக்கும் ஆபத்து.

எவ்வளவு சொன்னாலும் சிலர் வர மாட்டார்கள். அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பெரும்பாலும் அவர்களிடம் தெளிவான காரணம் இருக்கிறது: மாட்டை யார் பார்ப்பது, வீட்டில் திருடு போனால், வயசுக்கு வந்த பெண்ணை ஒரே கூடத்தில் எப்படிப் படுக்க வைப்பது. ஒவ்வொன்றுக்கும் ஏற்பாடு உண்டு. மாட்டை மேட்டில் அவிழ்த்துவிட ஓர் இடம். தெருவுக்கு இரண்டு இளைஞர்கள் காவல். மையத்தில் பெண்களுக்குத் தனி அறையும் விளக்கும். இவற்றைச் செய்துகாட்டிவிட்டு அழைத்தால் வருகிறார்கள். "உயிர் முக்கியமா, மாடு முக்கியமா" என்று அதட்டினால் வருவதில்லை. கறவை மாடு ஒன்றுதான் அந்த வீட்டின் வருமானம் என்பது அதட்டுபவருக்கும் தெரியும்.

படகு, வலை, எஞ்சின்

சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், தேவனாம்பட்டினம் போன்ற ஊர்களில் சொத்து என்பது கரையில் நிற்பதுதான். ஃபைபர் படகை அலை எட்டும் கோட்டுக்கு மேல் இழுத்துவிட்டால் போதாது. காற்று தூக்கிப் புரட்டாதபடி கட்ட வேண்டும். எஞ்சினைக் கழற்றி மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் படகைவிட எஞ்சின் உப்பு நீரில் சீக்கிரம் பாழாகும். வலைகளைப் பொதுக்கூடத்துக்கு மாற்றலாம். உப்பனாற்றில் நிற்கும் விசைப்படகுகளை நெருக்கிக் கட்டும் வழக்கம் ஆபத்தானது. நீர் ஏறும்போது ஒன்று மற்றொன்றை மோதிச் சிதைக்கும். இடையில் டயர் கட்டி, இடம் விட்டு, நீர் உயரும் அளவுக்குக் கயிற்றில் தளர்ச்சி வைத்துக் கட்ட வேண்டும். படகுக்குக் காவலாக யாரும் அதில் இரவு தங்கக் கூடாது. ஆழ்கடலில் இருப்பவர்களைத் திரும்ப அழைக்கும் வேலை, கூண்டு ஏறும் வரை காத்திருக்காமல் தாழ்வு மண்டல அறிவிப்போடு தொடங்க வேண்டும். கரை சேரவே அவர்களுக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகலாம்.

வயலுக்குச் செய்யக்கூடியது குறைவு. முற்றிய நெல்லை அறுத்துவிடலாம். கரும்புக்குத் தோகை உரித்து, சாயாதபடி சேர்த்து விட்டம் கட்டலாம். வாழைக்குச் சவுக்குக் கழி முட்டுக் கொடுக்கலாம். தென்னையில் முற்றிய குலைகளையும் கனத்த கீழ்மட்டைகளையும் இறக்கலாம். பயிர்க் காப்பீட்டுத் தொகையைக் கட்டக் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

கடந்த பிறகு

1. ஆற்றங்கரை ஊர்கள் மையத்திலிருந்து உடனே திரும்பக் கூடாது. சாத்தனூர் அணையிலிருந்து எவ்வளவு திறக்கிறார்கள், திருக்கோவிலூரில் எவ்வளவு ஓடுகிறது என்ற இரண்டு தகவலையும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையிடம் 1077 எண்ணில் கேட்கலாம். மாநில எண் 1070. கொள்ளிடம், வெள்ளாற்றுக் கரை ஊர்கள் அந்தந்த ஆற்றின் மேல்பக்கத் திறப்பைக் கேட்க வேண்டும். இதற்கென ஊரில் ஒருவரை நியமித்து, அவர் மணிக்கொரு முறை கரும்பலகையில் எழுதிவைத்தால் வதந்திக்கு வேலை இருக்காது.
2. அறுந்து கிடக்கும் மின்கம்பியை, மின்சாரம் இல்லை என்று தெரிந்தாலும், தொடக் கூடாது. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ ஓடவிடக் கூடாது. அதன் புகையில் இருக்கும் நச்சுவாயுவுக்கு மணம் கிடையாது, தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார்.
3. மண்சுவர் மழையில் மட்டும் அல்ல, மழை விட்டு ஓரிரு நாள் கழித்தும் விழக்கூடும். ஊறிய சுவரை ஒட்டி யாரும் படுக்க வேண்டாம்.
4. மூழ்கிய கிணறு, கைபம்பு நீரைக் குளோரின் இட்டுச் சுத்தப்படுத்தும் வரை கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். வீட்டுக்குள் நுழையும்போது பாம்பு இருக்கும் என்று எண்ணியே, கழியால் தட்டிக்கொண்டு நுழைய வேண்டும்.
5. சேதத்தைச் சுத்தம் செய்வதற்கு முன் படம் எடுக்க வேண்டும். வீடு என்றால் கதவு எண் தெரிய. படகு என்றால் பதிவு எண் தெரிய. பயிர் என்றால் வயலும் பக்கத்து அடையாளமும் தெரிய. ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், பட்டா, படகுப் பதிவுச் சான்று ஆகியவற்றை முதல் நாளே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையோடு எடுத்துச் சென்றிருந்தால், வருவாய்த் துறையினர் கணக்கெடுக்க வரும்போது அலைய வேண்டியிருக்காது. குத்தகைக்குப் பயிரிடுபவர்கள், யார் என்ன பயிரிடுகிறார்கள் என்று பதியும் அடங்கல் பதிவேட்டில் தங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் புயலுக்கு முன்பே கேட்டுவைக்க வேண்டும். பெயர் இல்லையென்றால் நிவாரணம் நிலத்துக்காரர் கணக்குக்குத்தான் போகும்.